டீசல், இறால், டாலர்: பாக் நீரிணை செய்தியை ஒரு கணக்காகப் படிப்போம்



"எல்லை தாண்டி மீன்பிடித்ததாக ராமேஸ்வரம் மீனவர்கள் கைது." இந்தத் தலைப்பை எத்தனை தடவை பார்த்திருப்போம்? 2024-ல் மட்டும் இலங்கைக் கடற்படை கைது செய்த இந்திய மீனவர்கள் ஐந்நூறு பேருக்கு மேல். செய்தி வந்த அன்னிக்கு ஸ்டேட்டஸ் வைப்போம், கோபப்படுவோம். அடுத்த நாள் பிளேஸ்மென்ட் மெயில் வந்ததும் மறந்துடுவோம்.

நான் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரன். ஹாஸ்டல்ல எப்பவும் என்கிட்ட வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு: "பிடிப்பாங்கன்னு தெரிஞ்சும் ஏன்டா திரும்பத் திரும்பப் போறாங்க?" நல்ல கேள்விதான். இதுக்கு தைரியம், திமிர், பாரம்பரியம்னு ஆளாளுக்கு ஒரு பதில் சொல்வாங்க. என் பதில் கொஞ்சம் போரானது. அது ஒரு பிரேக்-ஈவன் கணக்கு. மேனேஜ்மென்ட் பேப்பர்ல ஃபேன் கம்பெனி, பேரிங் கம்பெனின்னு போட்டோமே, அதே கணக்கு. கம்பெனிக்குப் பதிலா ஒரு விசைப்படகு, அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரையில அந்தக் கணக்கை ரெண்டு கரையிலிருந்தும் போட்டுப் பார்ப்போம். முடிக்கும்போது நாணய மதிப்பு, ஏற்றுமதி விலை, அன்னியச் செலாவணி மாதிரி வார்த்தைகள் ஒரு வீட்டு அடுப்பு வரைக்கும் எப்படி வந்து சேருதுன்னு புரிஞ்சிடும்.

1. முதல்ல மேப்பைப் பாருங்க

தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கி.மீ. காலேஜ் பஸ் தினமும் ஓடுற தூரம். ராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே இருக்கிறது பாக் விரிகுடா, ஊர்ல அதை வடகடல்னு சொல்வாங்க. தெற்கே மன்னார் வளைகுடா, அது தென்கடல். வடகடல் ஆழம் குறைஞ்ச கடல், பெரும்பாலான இடத்துல 15 மீட்டருக்குள்ளதான். அடியில சேறும் மணலும். இறால் வாழ அருமையான இடம்.

ஒரு காலத்துல இந்தக் கடலைத் தாண்டுறது சாதாரண விஷயம். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, சென்னையில ரயில் ஏறி தனுஷ்கோடியில இறங்கி, அங்கிருந்து கப்பல்ல தலைமன்னார் போய், மறுபடி ரயில் ஏறி கொழும்புக்குப் போகலாம். போட் மெயில்னு பேரு. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிச்சதோட அந்த வழி அறுந்துபோச்சு.

பத்து வருஷம் கழிச்சு, 1974-லும் அப்புறம் 1976-லும், இந்தியாவும் இலங்கையும் கடல் எல்லை ஒப்பந்தங்கள் போட்டாங்க. கச்சத்தீவு கோட்டுக்கு அந்தப் பக்கம் போச்சு. மேப்ல கோடு விழுந்தாச்சு. ஆனா இறாலுக்கு மேப் படிக்கத் தெரியாது. கோடு போட்ட அதே காலத்துல இந்தக் கரையில இன்னொரு மாற்றமும் வேகமா நடந்துட்டு இருந்தது. நம்ம கணக்கு அங்கேதான் தொடங்குது.

2. இறால் எப்படி டாலர் ஆச்சு?

சுதந்திரம் கிடைச்ச புதுசுல இந்தியாவுக்கு ரெண்டு தேவை இருந்தது. மக்களுக்கு மலிவான புரதம், நாட்டுக்கு அன்னியச் செலாவணி. 1952-ல் நார்வேயும் ஐ.நா.வும் சேர்ந்து இந்தியாவோட ஒரு மீன்வளத் திட்டத்துக்கு ஒப்பந்தம் போட்டாங்க. கேரளாவில கொல்லம் பக்கத்துல நீண்டகரையில ஆரம்பிச்ச இந்தோ-நார்வே திட்டம், பின்னால மண்டபத்துக்கும் வந்தது. மீனவரோட வாழ்க்கைத் தரத்தை உயர்த்துறதுதான் முதல் நோக்கம்.

ஆனா இடையில ஒண்ணு கண்டுபிடிச்சாங்க. இறாலை ஐஸ்ல உறைய வச்சு அனுப்பினா அமெரிக்காவும் ஜப்பானும் நல்ல விலை கொடுத்து வாங்கும்! அதுவரைக்கும் உள்ளூர்ல பெரிய மதிப்பில்லாத இறால், டாலர் கொண்டுவர்ற சரக்கா மாறிடுச்சு. அடிக்கடலைச் சேர்த்து அள்ளுற இழுவைமடியும், அதை இழுக்கிற இயந்திரப் படகும் பரவ ஆரம்பிச்சது. அரசும் மானியம், கடன்னு கொடுத்து ஊக்கப்படுத்தியது. ராமேஸ்வரம், மண்டபம், தொண்டி, புதுக்கோட்டை மாவட்டத்து ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம்னு கரை முழுக்க விசைப்படகுகள் வந்தது இப்படித்தான்.

முதல்ல அடி வாங்கினது நம்ம ஊர் நாட்டுப்படகு மீனவர்கள்தான். விசைப்படகு இழுத்துட்டுப் போனா அவங்க விரிச்ச வலையும் சேர்ந்து போயிடும். சண்டை முத்திப்போய், கடைசியில வாரத்துல மூணு நாள் விசைப்படகு, நாலு நாள் நாட்டுப்படகுன்னு கடலைக் கிழமை வாரியாப் பிரிச்சாங்க. அந்த முறை இன்னிக்கும் இருக்கு. மூணு நாள்தான் தொழில்னா, அந்த மூணு நாள்லயே அள்ளணும்ங்கிற அவசரமும் கூடவே வந்துடுச்சு.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிங்க. இந்தப் படகுகளைக் கடல்ல இறக்கிவிட்டது யாரோ ஒருத்தரோட பேராசை இல்லை. ஒரு நாட்டோட டாலர் தேவை, ஒரு வெளிநாட்டுத் தட்டுல இருந்த இறாலோட விலை, ஒரு அரசுத் திட்டம், இந்த மூணும் சேர்ந்து இறக்கிவிட்டது.

3. படகோட பிரேக்-ஈவன்

இப்போ கணக்கு. கீழே இருக்கிற எண்கள் புரியறதுக்காக நான் வச்சுக்கிட்ட உதாரணம் மட்டுமே.

ஒரு தடவை கடலுக்குப் போக 350 லிட்டர் டீசல், லிட்டர் 80 ரூபாய்னா 28,000. ஐஸ், சாப்பாடு, இதர செலவு 7,000. மொத்தம் 35,000. இறால் கிலோ 500 ரூபாய்க்குப் போகுதுன்னா, 70 கிலோ பிடிச்சாத்தான் செலவு கழியும். அதுக்கு மேல கிடைக்கிறதுதான் படகு ஓனருக்கும் ஆட்களுக்கும் பங்கு. படகுல போறவங்களுக்கு மாசச் சம்பளம் கிடையாது, பாட்டுக்கு ஏத்த பங்குதான். (பாடுன்னா அன்னிக்குக் கிடைச்ச மீன்.) பாடு இல்லைன்னா வீட்டுக்குக் காசு இல்லை.

இப்போ இறால் விலை 500-ல இருந்து 400 ஆகுது. அதே 35,000 செலவுக்கு 88 கிலோ வேணும். அதோட டீசல் லிட்டருக்கு 10 ரூபாய் ஏறினா செலவு 38,500. இப்போ 97 கிலோ வேணும். படகு அதே படகு, ஆட்கள் அதே ஆட்கள், கடல் அதே கடல். ஆனா 70 கிலோ பிடிச்ச இடத்துல 97 கிலோ பிடிச்சாத்தான் தலை தப்பும்.

எகனாமிக்ஸ் புத்தகத்துல சப்ளை விதி என்ன சொல்லுது? விலை குறைஞ்சா உற்பத்தி குறையும். இங்க அது தலைகீழாப் போகுது. விலை குறையக் குறைய இன்னும் அதிகமாப் பிடிக்கத்தான் ஓடணும். ஏன்னா படகு மேல கடன் இருக்கு, வட்டி நிக்காது. படகைக் கரையில கட்டிப் போட்டா அது துருப்பிடிச்ச முதலீடு. வேற தொழில் தெரியாது, தெரிஞ்சாலும் பக்கத்துல ஃபேக்டரி கிடையாது. தண்ணிப் பஞ்சத்துக்குப் பேர்போன மாவட்டம் எங்களோடது.

கரைக்குப் பக்கத்துல பல வருஷமா அள்ளி அள்ளி மீன்வளம் குறைஞ்சாச்சு. அந்தக் கூடுதல் 27 கிலோ எங்க இருக்கு? கிழக்கே. இன்னும் கொஞ்சம் கிழக்கே. ஏற்கனவே 28,000 ரூபாய்க்கு டீசல் போட்டாச்சு, இன்னும் சில கி.மீ. போக ஆகுற செலவு அதுல சின்னப் பங்கு. கோடு எங்கேன்னு ஜி.பி.எஸ். காட்டும். கணக்கு வேற ஒண்ணைக் காட்டும்.

சரி, இறால் விலையை யார் முடிவு பண்றாங்க? ராமேஸ்வரம் ஜெட்டியில வாங்குற வியாபாரியா? அவருக்கு மேல ஒரு ஏற்றுமதி கம்பெனி, அதுக்கு மேல ஒரு வெளிநாட்டு இறக்குமதியாளர், அவருக்கு மேல அந்த நாட்டு அரசாங்கம். 2019-ல் இந்தியாவில் கடலில் பிடிக்கிற இறாலை வாங்கமாட்டோம்னு அமெரிக்கா நிறுத்தியது. காரணம், கடல் ஆமை. இழுவைமடியில ஆமை சிக்கினா தப்பிச்சுப் போக வழி இருக்கணும்னு அவங்க சட்டம் சொல்லுது.

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு ஒரு தகவல். அந்த வழி ஒரு சின்ன டிசைன்தான். வலைக்குள்ள சாய்வா ஒரு கம்பிச் சட்டம், பக்கத்துல ஒரு திறப்பு. இறால் கம்பி இடைவெளியில பின்னால போயிடும். ஆமை சட்டத்துல மோதி திறப்பு வழியா வெளியே போயிடும். கொச்சியில் இருக்கிற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம்ம கடலுக்கு ஏத்த மாதிரி ஒண்ணு செஞ்சும் இருக்கு. ஆனா திறப்பு இருந்தா பெரிய மீனும் வெளியே போயிடுமோங்கிற பயம் மீனவருக்கு. 97 கிலோ கணக்குல இருக்கிறவருக்கு ஒரு கிலோ போறதும் பெரிசுதான். ஆமையைக் காப்பாத்துற நியாயமும் சரி, இந்தப் பயமும் சரி. ரெண்டும் மோதுற இடத்துல விலை விழுது. பெரிய வாடிக்கையாளர் ஒருத்தர் சந்தையை விட்டுப் போனா, மிச்சம் இருக்கிறவங்க சொல்றதுதானே விலை!

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்கள் பலவற்றுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டப்போ, இறால்தான் அதிகம் பேசப்பட்ட சரக்குகள்ல ஒண்ணு. அந்த அடி முக்கியமா வளர்ப்பு இறால் பண்ணைகளுக்கு. ஆனாலும் பாடம் அதேதான். வாஷிங்டன்ல போடுற கையெழுத்து, குளத்துலயும் கடல்லயும் இருக்கிற இறாலோட விலையைத் தொடுது.

4. அந்தப் பக்கத்துக் கணக்கு

இதுவரைக்கும் நம்ம கரை. இங்கேயே நிறுத்திட்டா பாதிக் கதைதான். நம்ம வாட்ஸ்அப் குரூப்ல யாரும் பேசாத பாதி மன்னார்லயும் யாழ்ப்பாணத்துலயும் இருக்கு.

1983-ல் போர் தொடங்கி 2009 வரைக்கும் வட இலங்கைத் தமிழ் மீனவர்கள் தங்கள் கடல்ல சுதந்திரமாத் தொழில் பார்க்க முடியலை. பாதுகாப்புத் தடைகள், இடம்பெயர்வு. அந்த 26 வருஷமும் அந்தக் கடல்ல போட்டிக்கு ஆள் குறைவு. உயிருக்கு ஆபத்து இருந்தாலும் நம்ம விசைப்படகுகளுக்கு அங்க மீன் இருந்தது. 2009-க்கு அப்புறம் அவங்க சின்னப் படகுகளோட திரும்பக் கடலுக்கு வந்தாங்க. வந்து பார்த்தா அவங்க வலை விரிச்ச இடத்துல ராத்திரி நம்ம இழுவைமடி ஓடுது. காலையில வலை அறுந்து கிடக்கும். 1970-கள்ல நம்ம நாட்டுப்படகு மீனவர்கள் சொன்ன அதே புகார். இந்தத் தடவை சொன்னது அக்கரைத் தமிழர்கள். 2017-ல் இலங்கை இழுவைமடித் தொழிலையே சட்டப்படி தடை செய்தது. 2018-ல் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைப் பல மடங்கு உயர்த்தியது, இலங்கை ரூபாயில் 50 லட்சத்திலிருந்து ஆரம்பம்.

இப்போ அவங்க பிரேக்-ஈவனைப் பார்ப்போம். வடக்குல நிறையப் பேர் ஓட்டுறது வெளியே மாட்டுற சின்ன இன்ஜின் வச்ச ஃபைபர் படகு. அதுக்கு எரிபொருள் மண்ணெண்ணெய். 2022 ஆகஸ்டில் இலங்கையில மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயிலிருந்து ஒரே ராத்திரியில 340 ரூபாய் ஆச்சு. ஒரு நாளைக்கு 20 லிட்டர்னு வச்சுக்கிட்டா, 1,740 ரூபாய் செலவு 6,800 ஆகுது. அதுக்கு முன்னாடி பல மாசம் மண்ணெண்ணெய் கிடைக்கவே இல்லைங்கிறது வேற கதை.

ஏன் இப்படி ஆச்சு? இதுதான் அன்னியச் செலாவணிப் பாடம். பெட்ரோல், டீசல், சமையல் கேஸ், பால் பவுடர், மருந்து எல்லாத்தையும் இலங்கை வெளியிலிருந்து வாங்குது. வாங்க டாலர் வேணும். டாலர் வர்ற வழி சுற்றுலா, தேயிலை, ஆடை ஏற்றுமதி, வெளிநாட்டுல வேலை பார்க்கிறவங்க அனுப்புற பணம். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பும் அடுத்து வந்த கொரோனாவும் சுற்றுலாவை முடக்கின. 2019 கடைசியில செய்த பெரிய வரிக்குறைப்பு அரசோட வருமானத்தைக் குறைச்சது. 2021-ல் ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்ததால விளைச்சல் விழுந்தது. வாங்கின வெளிநாட்டுக் கடனுக்குத் தவணை மட்டும் நிக்காம வந்தது. 2022-ல் உக்ரைன் போர் எண்ணெய் விலையை ஏத்தினப்போ கையில டாலர் இல்லை. மார்ச்சுக்கு முன்னாடி ஒரு டாலருக்கு 200 இலங்கை ரூபாய், மே மாசத்துல 360 பக்கம். ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுறதை நிறுத்துறோம்னு அறிவிச்சாங்க. செப்டம்பர்ல கொழும்பு விலைவாசி உயர்வு 70 சதவீதத்தைத் தொட்டது.

இந்த எண்கள் எல்லாம் நம்ம கரைக்கு வந்தது மனுஷங்களா. 2022 மார்ச் 22 அன்று யாழ்ப்பாணம், மன்னார் பகுதிகளிலிருந்து குழந்தைகள் உட்பட 16 பேர், ரெண்டு குழுவா, படகுல ராமேஸ்வரம் கரைக்கு வந்து சேர்ந்தாங்க. போர் முடிஞ்சு 13 வருஷம் ஆச்சு, இந்தத் தடவை துரத்தினது அரிசி விலையும் பால் பவுடர் விலையும். அடுத்தடுத்து வந்தவங்களையும் சேர்த்தா எண்ணிக்கை இருநூறைத் தாண்டியது. இந்தியா அந்த வருஷம் ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவுக்குக் கடனும் உதவியும் கொடுத்தது. தமிழ்நாடு அரசு 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், மருந்துகள் அனுப்பத் திட்டம் போட்டு, மே மாசத்துல சென்னையிலிருந்து முதல் கப்பல் கிளம்பியது.

ஒரு பக்கம் டாலர் வேணும்ங்கிற தேவை இழுவைப் படகை உருவாக்கி கிழக்கே அனுப்பியது. இன்னொரு பக்கம் டாலர் தீர்ந்துபோனது குடும்பங்களைப் படகுல ஏத்தி மேற்கே அனுப்பியது. ரெண்டும் கடந்தது ஒரே கோட்டைத்தான்.

5. மண்டபம் முகாம்: ஒரு இடம், நாலு காலம்

வந்தவங்களை எங்க தங்க வச்சாங்க? மண்டபம் முகாம்ல. இந்த இடத்தோட வரலாறே ஒரு எகனாமிக்ஸ் பாடம். பிரிட்டிஷ் காலத்துல சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போனவங்களை நோய்த்தொற்றுப் பரிசோதனைக்காகத் தங்க வச்சு அனுப்பின முகாம் அது. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம், அதே தோட்டத் தொழிலாளர்களோட பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் "இந்தியாவுக்குத் திரும்புறாங்க"ன்னு சொல்லி வந்து இறங்கினப்போ தங்கினதும் இங்கதான். 1983-க்கு அப்புறம் போர் அகதிகள். 2022-ல் விலைவாசியிலிருந்து தப்பிச்சு வந்தவங்க.

தேயிலைக்கு விலை இருந்தப்போ ஆட்களைக் கூட்டிட்டுப் போனாங்க. அரசியல் மாறினப்போ திருப்பி அனுப்பினாங்க. தப்பிச்சு ஓடி வந்தவங்களுக்கும் அதே வாசல். அந்தக் கேட்டுக்குள்ள யார் வர்றாங்க, யார் போறாங்கன்னு பார்த்தாலே அந்தந்தக் காலத்துப் பொருளாதாரம் தெரிஞ்சிடும்.

6. அப்போ தீர்வு?

பிரச்சினை கணக்குன்னா தீர்வும் கணக்கில் நிக்கணும். 2017-ல் மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து பாக் விரிகுடா இழுவைப் படகுகளைக் குறைக்க ஒரு திட்டம் கொண்டுவந்தாங்க. இழுவைப் படகை ஒப்படைச்சிட்டு சூரை மாதிரி மீன் பிடிக்கிற ஆழ்கடல் படகு வாங்கணும். விலை 80 லட்சம். மத்திய அரசு 50%, மாநில அரசு 20%, வங்கிக் கடன் 20%, மீனவர் பங்கு 10%. மூணு வருஷத்துல 2,000 படகுகள்ங்கிறது இலக்கு. நடந்தது அதுல ரொம்பக் கொஞ்சம்.

எண்ணைப் போட்டுப் பாருங்க. 70% மானியம் போனாலும் கையிலிருந்து 8 லட்சம், கடன் 16 லட்சம். காலையில போய் மறுநாள் திரும்புற தொழிலை விட்டுட்டு, பல நாள் கடல்லயே தங்கணும். வலை வேற, திறமை வேற, மீனை வாங்குற சந்தையும் வேற. அந்த ஆளம் உள்ள துறைமுகம் வேணும். ஓனர் மாறலாம்னு நினைச்சாலும், பங்குக்குப் போற தொழிலாளிக்கு இந்தத் திட்டத்துல நேரடியா என்ன இருக்கு? வருஷத்துல ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துல குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம் கிடைக்குது. அதை 61-ஆல வகுத்தா ஒரு நாளைக்கு ஏறத்தாழ 131 ரூபாய். இந்த நிலைமையில இருக்கிறவரை "புதுத் தொழிலுக்கு மாறு"ன்னு சொன்னா, மாறுற வரைக்கும் அடுப்பு எரிய யார் பொறுப்புன்னு அவர் கேட்கத்தான் செய்வார்.

கைதிலயும் இதே கணக்குதான். மீனவர் சில வாரத்துலயோ மாசத்துலயோ வீடு திரும்பலாம். படகு பல நேரம் திரும்பாது, அங்கேயே அரசுடைமை ஆகிடும். ஆனா படகு மேல வாங்கின கடன் இங்கேயே இருக்கும். அந்தக் கடனை அடைக்க அவர் இன்னொருத்தர் படகுல மறுபடி கடலுக்குப் போவார். "ஏன்டா திரும்பத் திரும்பப் போறாங்க"ன்னு ஹாஸ்டல்ல கேட்டவங்களுக்கு இதுதான் பதில்.

இழுவைமடி நிக்கணும்ங்கிறதுல எனக்குச் சந்தேகம் இல்லை. அது நம்ம வடகடலையும் காலி பண்ணுது, அக்கரைக்காரங்க வலையையும் அறுக்குது. ஆனா அதை நிறுத்துற செலவைப் பங்குக்குப் போற மீனவர் தலையில மட்டும் கட்டினா அது நிக்காது. டாலர் சம்பாதிச்ச காலத்துல லாபம் நாடு முழுக்கப் போச்சு. இப்போ செலவையும் நாடு முழுக்கத்தான் பங்கு போடணும்.

7. அடுத்த தடவை செய்தி வரும்போது

கடல்ல நடக்கிற செய்தி எதைப் படிச்சாலும் இந்த மூணு கேள்வியைக் கேட்டுப் பாருங்க:

1. இந்தப் படகு கிளம்ப எவ்வளவு செலவு ஆகும்? அதை எடுக்க எவ்வளவு மீன் வேணும்?
2. அந்த மீனோட விலையை எந்த நாட்டுல, யார் முடிவு பண்றாங்க?
3. அக்கரையில இதே தொழில் பார்க்கிறவர் இன்னிக்கு என்ன கணக்கு போட்டுட்டு இருப்பார்?

மூணாவது கேள்வியை மட்டும் விட்டுடாதீங்க. முதல் ரெண்டுக்கும் கால்குலேட்டர் போதும். மூணாவதுக்குக் கொஞ்சம் மனசும் வேணும். இந்த மூணையும் கேட்டுட்டு அப்புறமா ஸ்டேட்டஸ் வைங்க, கோபப்படுங்க, தப்பில்லை. அந்தக் கோபம் சரியான முகவரிக்குப் போகும்.